ஏலத்தில் வந்த 7,200 வெள்ளி: பாஸ்டருக்காக எதில் செலவழிப்பது?

போன ஆண்டு அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எங்கள் சபைக்கு 7,200 வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்தது. ஒரு பூசணிக்காய்க்காக அண்ணனும் தம்பியும் வீம்புக்கு ஏலம் கேட்டு 310 வெள்ளி வரை கொண்டுபோனதையும் சேர்த்துத்தான். வழக்கமாக இந்தக் காசு ஏர்கோன், கூரை, ஒலிபெருக்கி என்று போய்விடும். இந்த முறை நிர்வாகக் குழுவில் ஒரு சிஸ்டர், "பாஸ்டருக்கு ஏதாவது செய்வோமே. மனுஷன் சிரிச்சே நாலு மாசம் ஆச்சு" என்றார். யாரும் மறுக்கவில்லை. என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. கடைசியில், நாலு இடத்தில் விசாரித்துக் கணக்கோடு வந்து சொல்லும் வேலை பொருளாளரான என் தலையில் விழுந்தது. கோலாலம்பூரில் இருக்கும் ஒரு நடுத்தரத் தமிழ்ச் சபையின் கணக்கு இது. உங்கள் சபைக்குத் தொகை மாறலாம், சிக்கல் பெரிதாக மாறாது.

அந்த சிஸ்டர் சொன்னதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு இறப்பு. இரண்டாவது முடிந்து செராஸ் மின்சுடலையிலிருந்து எல்லோரும் வீடு திரும்பிவிட்டோம். மண்டபத்துச் சாவியைக் கொடுக்க இரவு எட்டரைக்கு நான் போனபோது, பாஸ்டரின் மைவி கார் சபை வளாகத்தில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவர். வெள்ளை அங்கி பின்சீட்டில் சுருண்டு கிடந்தது. அங்கிருந்து அவர் வீட்டுக் கதவு பத்து எட்டுதான். கண்ணாடியைத் தட்டினேன், இறக்கினார்.

"எவ்வளவு நேரமா பாஸ்டர்?"

"தெரியல பிரதர். வீட்டுக்குள்ள போனா நல்லா இருக்கிற மாதிரி இருக்கணும். இங்க அது வேணாம்."

சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

குழுவில் ஒரு பெரியவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி. முழங்கால்ல நின்னா சரியாயிடும்" என்றார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்; அவரிடம் எதிர்வாதம் செய்ய எனக்கு மனமில்லை. நம் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. நான்கே ஆண்டில் இரு மடங்கு. இந்தக் கணக்கு என் பையில் இருந்தது. ஆனால் அவரிடம் நான் சொன்னது பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதையை. கர்மேலில் ஜெயித்த கையோடு சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாவைக் கேட்டவர் எலியா. தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அடைக்கு எவ்வளவு ஆகும்?" என்றார்.

அந்தக் கணக்குக்குப் போகும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். களைத்துத் தீர்ந்துபோவது வேறு, மனச்சோர்வு நோய் வேறு. முதலாவதை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நோய் என்று சொல்லாமல், வேலையிலிருந்து வரும் ஒரு நிலை என்று வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலை கசந்து மனம் அதிலிருந்து விலகிப்போவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளம். மனச்சோர்வு வேலையோடு நிற்பதில்லை. தூக்கம், பசி, சொந்தப் பிள்ளையின் சிரிப்பு எல்லாவற்றையும் தொட்டுவிடும். முன்னதற்குப் பாரத்தைக் குறைக்க வேண்டும், பின்னதற்கு டாக்டர் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் கலந்தும் இருக்கலாம். எது என்று நிர்வாகக் குழுவால் கண்டுபிடிக்க முடியாது, முயலவும் கூடாது. ஆகவே எந்த வழியை எடுத்தாலும், பயிற்சி பெற்ற ஓர் ஆளிடம் அவர் தனியாகப் பேச ஒரு கதவு அதில் இருந்தாக வேண்டும். நான் எல்லாவற்றையும் எடைபோட்டது இந்தக் கல்லை வைத்துத்தான்.

முதலில் எல்லோருக்கும் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன்: போதகர் தம்பதிகளுக்கான இரண்டு நாள் முகாம். போர்ட் டிக்சனில் கடல் பார்த்த அறை, பேச்சாளர், ஆளுக்கொரு பை, குரூப் போட்டோ. தம்பதிக்கு ஏறக்குறைய 900 வெள்ளி கேட்டார்கள். போய்வந்தால் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. திரும்பி வந்தால் அதே போன், அதே பட்டியல். குழுவுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று எனக்குத் தெரியும்: ரசீது இருக்கும், படம் இருக்கும், நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. என் வரிசையில் இது கடைசி.

அடுத்தது நீண்ட விடுப்பு. மூன்று மாதம் சம்பளத்தோடு. காகிதத்தில் இதைவிட நல்லது இல்லை. விசாரித்தபோதுதான் முள் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பாஸ்டர் வீடு சபை வளாகத்துக்குள் இருக்கிறது. விடுப்பில் வீட்டிலிருந்தால் ஞாயிறு காலை பாட்டுச் சத்தம் படுக்கையறைக்குள் கேட்கும், யாராவது கேட்டைத் தட்டிக் குடை கேட்பார்கள். வெளியூர் போகலாம் என்றால் பாஸ்டரம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, மூன்று மாதம் அவரால் நகர முடியாது. பதின்மூன்று ஞாயிறுக்கு வெளியிலிருந்து பிரசங்கியார்களை அழைத்தால், ஒருவருக்கு 150 வெள்ளி என்று வைத்தாலும் 1,950. அதுகூடப் பெரிதில்லை. போதகர்களை இடம் மாற்றும் அமைப்புள்ள திருச்சபைகளில், ஒருவர் மூன்று மாதம் காணாமல் போனால் "அவருக்கு என்னவோ ஆயிடுச்சாம்" என்ற பேச்சு அடுத்த சபைக்கு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, திரும்பி வரும் இடம் மாறாமல் இருந்தால் விடுப்பு ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இரண்டு வாரம், போனை எங்களிடம் கொடுத்துவிட்டு, கேமரன் மலையோ பினாங்கோ எங்கேயாவது. வீட்டு வாடகையும் இரண்டு ஞாயிறு பிரசங்கியார் செலவும் சேர்த்து 2,200 வெள்ளிக்குள் அடங்கும். மூன்று மாதத்தின் பலன் கிடைக்காது. மூன்று மாதத்தின் வதந்தியும் கிடைக்காது.

மூன்றாவது வழி எனக்கு முதலில் அலட்சியமாகத் தோன்றியது: நாலைந்து போதகர்கள் மாதம் ஒரு காலை ஒன்றாகப் பசியாறுவது. பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை, தே தாரே தேநீர், இரண்டு மணி நேரப் பேச்சு. செலவென்று பார்த்தால் மாதம் 50 வெள்ளி. வேறு சபையில் இதைப் பல ஆண்டாகச் செய்துவரும் ஒரு மூத்த போதகரைப் பார்க்கப் போனேன். அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை மாற்றியது. சபையில் உள்ளவர்கள் பாஸ்டரிடம் தங்கள் ரகசியத்தைச் சொல்கிறார்கள். பாஸ்டர் திருப்பிச் சொல்ல அங்கே ஆளில்லை. குழுத் தலைவரிடம் சொன்னால் அவர்தான் சம்பளத்தைப் பேசுகிறவர். மனைவியிடம் சொன்னால் அடுத்த ஞாயிறு அந்த ஆளைப் பார்த்து அவரால் சிரிக்க முடியாது. அப்படி அடைபட்டுக் கிடப்பவருக்கு இன்னொரு போதகரிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை என்பதே பாதிச் சுகம்.

"ஆனா ஒரே திருச்சபை ஆளுங்களா சேர்த்துடாதீங்க தம்பி" என்றார். இன்று பக்கத்தில் தோசை தின்பவர் நாளை மேலதிகாரியாகி இடமாற்றப் பட்டியலில் கை வைக்கலாம். லூத்தரன் ஒருவர், மெதடிஸ்ட் ஒருவர், ஆங்கிலிக்கன் ஒருவர், சுயாதீன சபை ஒருவர் என்று கலந்தால் வாய் திறக்கும். இது புதுப் பழக்கமும் இல்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738இலேயே சின்னச் சின்னக் குழுக்களுக்கு விதி எழுதினார். வாரம் ஒருமுறை கூடி, தவறு, சோதனை, மனநிலை எல்லாவற்றையும் ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும் என்று. குறை என்னவென்றால், நல்ல நண்பர்களுக்கும் பயிற்சி கிடையாது. ஒருவர் உண்மையில் நோயில் விழுந்திருந்தால் மற்ற மூன்று பேரும் ஜெபித்துவிட்டு அனுப்பிவிடக்கூடும். நான் வைத்த கல்லில் இது தனியாக நிற்காது, துணையாக நிற்கும்.

இனி கவுன்சலர், அதாவது மனநல ஆலோசகர். இதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன், அதிகம் தடுமாறியதும் இதில்தான்.

இந்த நாட்டில் கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உட்கார முடியாது. 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர்கள் சட்டப்படி, அதாவது சட்டம் 580, வாரியத்தில் பதிவு செய்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி பதிவு எண். எனக்குச் சிபாரிசு செய்யப்பட்ட ஒருவர், "நான் ஆவிக்குரிய ஆலோசகர், எனக்கு அதெல்லாம் தேவையில்லை" என்றார். நல்ல மனிதராக இருக்கலாம். சபைக் காசில் அவருக்கு நான் செக் எழுத மாட்டேன். பதிவு பெற்றவர்கள் ஓர் அமர்வுக்கு 150 முதல் 250 வெள்ளி வரை கேட்டார்கள். கவுன்சலர் மருந்து எழுத முடியாது. மருந்து தேவை என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

அடுத்து மொழி. எங்கள் பாஸ்டருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் அவர் பிரசங்கம் பண்ணுவது தமிழில், பிள்ளையைக் கோபிப்பது தமிழில், அன்றைக்குக் காருக்குள்ளிருந்து சொன்னதும் தமிழில். தமிழ் பேசும் கவுன்சலர்கள் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள், கொஞ்சம் தேட வேண்டும். தமிழ் பேசும் கிறிஸ்தவ கவுன்சலர் என்றால் இன்னும் குறைவு, அதோடு ஒரு சங்கடம்: தமிழ்க் கிறிஸ்தவ வட்டாரம் சின்னது. யாராவது யாருக்காவது சித்தப்பா மகளாக இருப்பார். கவுன்சலர் வாய் திறக்க மாட்டார், அது அவர் தொழில் விதி. ஆனால் வரவேற்பறையில் காத்திருக்கும்போது எதிரில் வந்து உட்காருகிறவருக்கு விதி ஏது? தமிழ் தெரிந்த இந்துவோ, சபை உலகமே தெரியாத ஒரு சீனப் பெண்மணியோ என்றால் முதல் இரண்டு அமர்வு விளக்கத்திலேயே போகும். ரகசியம் பத்திரமாக இருக்கும். எது வேண்டும் என்பதைக் குழு முடிவு செய்யக் கூடாது, பாஸ்டர் செய்யட்டும் என்று விட்டேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் என் சொந்தத் தொழிலிலிருந்து வந்தது: ரசீது. சபை காசு கொடுத்தால் பில் என் கைக்கு வரும். பில்லில் பெயரும் தேதியும் இருக்கும். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைப் புரட்டும் யாரோ ஒருவர், "பாஸ்டர் ஏன் பதினோரு தடவை போனார்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் எந்தப் போதகரும் ஒரு தடவைகூடப் போக மாட்டார். மாதப் படியாகக் கையில் கொடுத்துவிடலாம் என்றால், பள்ளிக்கூட ஃபீஸ் நெருக்கும் மாதத்தில் அது வேறு பக்கம் போகும்; நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

வழி காட்டியது, நான் விசாரித்த ஒரு கவுன்சலிங் மையத்தில் போனை எடுத்த பெண். சபையின் எல்லா ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் என்று ஒரே கணக்கைத் திறக்கச் சொன்னார். பாஸ்டர், பாஸ்டரம்மா, சபைக் காவல்காரர், ஞாயிறுப்பள்ளிப் பொறுப்பாளர், நால்வரில் யார் வேண்டுமானாலும் நேரே அழைத்து நேரம் வாங்கலாம். மாதக் கடைசியில் சபைக்கு வரும் பில்லில் அமர்வுகளின் எண்ணிக்கை மட்டும் இருக்கும். ஓர் அமர்வு 200 வெள்ளி, ஆண்டுக்குப் பதினாறு அமர்வு, 3,200. பாஸ்டரம்மாவின் பெயர் இதில் சேர்ந்தது தற்செயல்தான், ஆனால் யோசித்துப் பார்த்தால் அவரைப் பற்றி யாருமே கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரை சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருக்கும், வந்தவர்கள் "எத்தனை மில்லிகிராம்?" என்று விசாரிப்பார்கள். மனத்துக்கான மாத்திரை என்றால் அலமாரியில் துணிக்கடியில். போதகர் வீட்டில் கேட்கவே வேண்டாம். காசு தடையாக இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி, அங்கிருந்து அனுப்பப்பட்டு அரசு மருத்துவமனையில் நிபுணரைத் தொடர்ந்து பார்க்க 5 வெள்ளி. மெந்தாரி என்ற பெயரில் சமூக மனநல மையங்களையும் அமைச்சு நடத்துகிறது. காத்திருப்பு நீளம், சிகிச்சை குறைந்ததல்ல.

கடைசி வழிக்குக் காசே வேண்டாம், அதனால்தான் நிறைவேற்றுவது கடினம். வாரத்தில் ஒரு நாள் அவரை விட்டுவிடுவது. எங்கள் பாஸ்டருக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று பல ஆண்டாக ஏட்டில் உண்டு. ஒரு திங்கட்கிழமை வந்த அழைப்புகளைக் குறித்துத் தரும்படி அவரிடம் கேட்டேன். இருபத்து மூன்று. மண்டபம் சனிக்கிழமை காலியா என்று ஒருவர். ஞானஸ்நானச் சான்றிதழ் நகல் வேண்டும் என்று மூவர். பீடத்துப் பூ யார் முறை என்று தொடங்கிச் சண்டையில் முடிந்த அழைப்பு ஒன்று, நாற்பது நிமிடம். வேனுக்கு எண்ணெய் ஊற்றியாச்சா என்று ஒன்று. அதைக் கேட்டது நான்தான், பட்டியலில் என் பெயரைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. உண்மையிலேயே ஒரு போதகர் வேண்டியிருந்தது இரண்டுக்கு மட்டும்: தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு மகள், வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்ன ஒரு பையன்.

மோசேயின் மாமனார் எத்திரோ ஒரே நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மருமகன் காலை முதல் மாலை வரை தனியாக வழக்குக் கேட்பது நல்லதல்ல என்று சொன்னார். நாங்கள் பதினோரு ஆண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். சபைக்கென்று ஒரு போன் வாங்கி, திங்கட்கிழமைகளில் நான்கு பேர் முறை வைத்து எடுப்பது, இறப்பும் உயிருக்கு ஆபத்தும் மட்டும் பாஸ்டருக்குப் போவது என்று யோசனை வைத்தேன். போனும் ஓராண்டுச் சிம் செலவும் 700 வெள்ளி. கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்தார். இன்னும் பாஸ்டரை ஐயர் என்றே அழைப்பவர். "எங்க வீட்டுக்காரர் திங்கக்கிழமை கண்ண மூடினா, ஐயர் வர செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா?" எல்லோரும் சிரித்தோம். பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. இறப்புக்குக் கட்டாயம் வருவார் என்று இரண்டு முறை உறுதி சொன்ன பிறகுதான் பாட்டி உட்கார்ந்தார்.

இந்த வரிசை எதிலும் சேராத ஒரு நிலை உண்டு. ஒரு போதகர், அல்லது யாராக இருந்தாலும், வாழ்வதில் அர்த்தமில்லை என்று பேச ஆரம்பித்தால் அது குழுவில் வைக்கும் பொருளல்ல. அன்றைக்கே ஒருவர் கூடவே இருந்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். 1970இல் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் இரவு பகல் எப்போதும் அழைக்கலாம்; பெயர் சொல்ல வேண்டியதில்லை. தன்னார்வலர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். சிகிச்சை அவர்கள் வேலை அல்ல. அமைச்சின் 15555 என்ற எண்ணும் உண்டு. வெளியே சொன்னால் போலீஸ் வரும் என்று பயந்த காலமும் போய்விட்டது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது.

குழுவில் நான் கொடுத்த வரிசை இது: திங்கட்கிழமை முதலில், கவுன்சலர் கணக்கு அதோடு சேர்த்து, பசியாறும் குழுவுக்கு ஆண்டுக்கு 600, பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம். முகாம் வேண்டாம். ஒருவர் முகாமுக்காகக் கடைசி வரை வாதாடினார், குரூப் போட்டோவைப் பற்றிக்கூடப் பேசினார். எட்டுக்கு மூன்று என்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டிப் பார்த்தால் 6,700. மிச்சம் 500 வெள்ளி, நினைத்தபடியே, ஏர்கோன் சர்வீசுக்குப் போனது.

முதல் திங்கட்கிழமை போன் என் முறை. பதினேழு அழைப்பு. மதியத்துக்குள் எனக்குத் தலைவலி. இரவு ஏழு மணிக்கு வளாகத்தைப் பூட்டப் போனபோது மைவி நிழற்கூரையின்கீழ் நின்றது, இன்ஜின் அணைந்திருந்தது. வீட்டுக்குள் டிவி ஓடும் சத்தம்.

மாதக் கடைசியில் மையத்திலிருந்து பில் வந்தது. மூன்று அமர்வு, 600 வெள்ளி. பெயர் இல்லை, தேதி இல்லை. நால்வரில் யாராக இருக்கும் என்று ஒரு நிமிடம் மனம் கணக்குப் போடப் பார்த்தது. ஊழியர் நலன் என்று எழுதி, செக்கில் கையெழுத்துப் போட்டு, கோப்பை மூடிவிட்டேன்.